ஒட்டியவர் ஒருவர், கழற்றுபவர் மற்றொருவர்

திருமணப் பருவம் ஓய்ந்து மூன்று நான்கு வாரங்கள் சென்றபின், மைசூரு நகரத்து அழகு நிலையங்களுக்கு ஒருவகை வாடிக்கையாளர் வருவதுண்டு. சென்னையிலோ சேலத்திலோ கோவையிலோ மணமேடை ஏறுவதற்கு முன்தினம் விரல்களில் செயற்கை நகம் பொருத்திக்கொண்டு, மணம் முடிந்து கணவர் குடும்பத்தோடு இங்கு வந்து சேர்ந்த புதுமணப் பெண்களே அவர்கள். பொருத்திய நிலையமோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சிலருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. இதற்குள் அடியில் இயற்கை நகம் வளர்ந்து, ஒட்டு நகம் முன்னே தள்ளப்பட்டு, இரண்டுக்கும் இடையே ஒரு படிபோல் மேடு தட்டி நிற்கின்றது. தலை வாரினால் முடி சிக்குகின்றது. பட்டுப் புடைவையை மடித்தால் இழை பிடிபடுகின்றது. மாவு பிசைந்தால் இடுக்கில் மாவு புகுந்துகொள்கின்றது. ஆகவே, அருகிலுள்ள நிலையம் ஒன்றில் நுழைந்து, "இதை எடுத்துவிடுங்கள்" என்று கையை நீட்டுகின்றனர்.

"என்ன போட்டிருக்கிறார்கள் அம்மா? அக்ரிலிக்கா, ஜெல்லா?"

"தெரியவில்லை அக்கா. கல்யாணத்துக்குப் போட்டது."

தொல்லை அனைத்தும் இந்த ஒரு விடையிலிருந்தே தொடங்குகின்றது. ஒட்டு நகத்தால் விளையும் கேடுகளிற் பெரும்பாலானவை அதனை ஒட்டும்போது விளைவன அல்ல, கழற்றும்போது விளைவன. அதுவும், ஒட்டியவர் ஒருவராகவும் கழற்றுபவர் மற்றொருவராகவும் இருந்து, இடையில் உள்ள பொருள் இன்னதென்று இருவருள் ஒருவரும் சொல்ல இயலாதபோது விளைவன.

ஒட்டு நகம் நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. மருதாணி அரைத்து இட்டுக்கொண்ட பாட்டிமார் பேத்தியின் நீண்ட நகத்தைக் கண்டு முகம் சுளிப்பதும், பேத்தி அதனைப் பொருட்படுத்தாதிருப்பதும் வீடுதோறும் நடப்பதே. விருப்பம் அவரவருக்கு உரியது. கழற்றும் முறை மட்டும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பொருளின் இயல்பைப் பொறுத்தது.

நெருங்கிய உறவைச் சொல்ல நம்மவர் 'நகமும் சதையும் போல' என்பர். உவமை வெறும் அலங்காரமன்று. நகத்தின் தட்டு அதன் கீழுள்ள சதைப் படுகையோடு இறுகப் பிணைந்திருக்கின்றது. நகம் பிறக்கும் இடமோ நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கின்றது. அங்கே உண்டாகும் உயிரணுக்கள் கெட்டிப்பட்டு, உயிரற்று, அடுக்கடுக்காய் ஒட்டி முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. அவ்வடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் கைவிரல் நகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஒட்டு நகத்தை நெம்பி எடுக்கும்போது, பசை தன்னோடு பற்றியிருக்கும் மேலடுக்குகளையும் உரித்துக்கொண்டு வருகின்றது. அரை மில்லிமீட்டரில் ஒரு பகுதி போய்விட்டால் எஞ்சுவது தாள்போன்ற நகமே. வெந்நீர் பட்டால் சுரீரென்பதும், எலுமிச்சை பிழிந்தால் எரிவதும், முனை மடங்கிக் கிழிவதும் இதனால்தான்.

போன நகம் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று அறிய விரும்புவோர்க்கு இந்நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. மைசூரில் 1937ஆம் ஆண்டில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு, வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையாகத் தோன்றி, இன்று கர்நாடக அரசின் நிறுவனமாக விளங்கும் மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனந்தான், 1962ஆம் ஆண்டின் பொதுத் தேர்தல் தொட்டு நாடெங்கும் வாக்காளர் விரலில் இடப்படும் அழியா மையைச் செய்து தருகின்றது. அம்மையில் உள்ள வெள்ளி நைட்ரேட்டு என்னும் உப்பு தோலிலும் நகத்திலும் பற்றி ஒளியில் கருக்கின்றது. தோலில் பட்ட கறை சில வாரங்களில் தோல் உதிர உதிர மறைந்துவிடும். நகத்தில் பட்ட கறையோ மறைவதில்லை. நகம் வளர வளர முன்னே நகர்ந்து, முனைக்கு வந்து, வெட்டப்பட்ட பின்னரே ஒழியும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கின்றது. அடியிலிருந்து முனை வரை முழுவதும் புதுப்பிக்க ஆறு மாதம் வேண்டும். மைசூரு தொகுதியில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு 2024 ஏப்ரல் 26ஆம் நாள் நடந்தது. அன்று நகத்தின் அடியில் விழுந்த மைக்கோடு தசராத் திருநாள் நெருங்கும் வரை விரலில் தங்கியிருக்கக் கண்டோர் பலர் இருப்பர். மருதாணி இட்ட நகத்தில் அடியில் வெண்பிறை தோன்றிப் பெருகுவதும் இதே கணக்குத்தான். அம்மை மறையும் நாள் எத்தனையோ, அத்தனை நாளே உரிந்த நகம் ஆறும் நாளும் ஆகும். ஒரு நிமிட அவசரத்துக்கு ஆறு மாத விலை.

(வாக்குச் சாவடிக்குச் செல்லும் நாளில் இடக்கை ஆட்காட்டி விரலையேனும் இயற்கையாய் விட்டுவைத்தல் நன்று. ஒட்டின்மேல் விழும் மை, மைக்கு உரிய பயனைத் தராது.)

இனி, பொருளைப் பற்றிச் சொல்வோம். இன்று வழங்கும் ஒட்டு நகங்கள் பலவாயினும், கழற்றுபவர் கண்ணுக்கு அவை இரண்டே இனம்: கரைவன, கரையாதன.

அக்ரிலிக் நகம் என்பது ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் தூரிகையில் குழைத்து நகத்தின்மேல் இட, அது காற்றிலேயே இறுகிக் கெட்டியாவது. இது பல் மருத்துவத்திலிருந்து வந்த கலை. 1954ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஃபிரெட் ஸ்லாக் என்பார் உடைந்துபோன தம் நகத்துக்குப் பல் வேலைக்குரிய அக்ரிலிக்கை இட்டுச் சமாளித்ததே இத்தொழிலின் தோற்றம் என்பர். ஒழுங்கான அக்ரிலிக் அசிட்டோனில் ஊறி மென்மையாகும். பொடியில் விரலைத் தோய்த்து எடுக்கும் 'டிப்' வகையும், ஜெல் பாலிஷும், 'சாஃப்ட் ஜெல்' எனப்படும் மெல்லிய ஜெல்லும் அவ்வாறே ஊறுவன. 'ஹார்ட் ஜெல்' எனப்படும் கெட்டி ஜெல் வேறு இனம். விளக்கின் புற ஊதாக் கதிரில் இறுகிய அது அசிட்டோனில் நாள் முழுதும் ஊறினாலும் அசையாது. அரத்தால் தேய்த்துத்தான் குறைக்க வேண்டும். கடையில் பெட்டியாக வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் 'பிரஸ் ஆன்' நகங்களோ எளியவை. சிறிது சவர்க்காரமும் எண்ணெயும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் ஓரம் தளர்ந்துவிடும்.

இவற்றோடு மற்றொன்று உண்டு. அதுவே ஐயத்துக்கு உரியது. அக்ரிலிக் நகத்துக்கு உரிய திரவம் எத்தில் மெத்தாக்ரிலேட்டு. அதனினும் மலிவானது மெத்தில் மெத்தாக்ரிலேட்டு. எலும்பு மூட்டுச் சிகிச்சையில் சிமெண்டாகவும் பல் வேலையிலும் பயன்படுகின்ற இப்பொருள் நகத்துக்கு ஆகாது. நகம் உருக்குலைதல், தோல் அழற்சி முதலிய முறையீடுகள் பெருகவே, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழக்குத் தொடுத்தும் சரக்குகளைப் பறிமுதல் செய்தும், முழுக்க இத்திரவத்தாலாகிய நகப் பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. எனினும் மலிவை நாடுவோர் கையில் அது இன்றும் உலாவுகின்றது. அதனாலாகிய நகம் மிகக் கடினமானது. எங்கேனும் இடித்துக்கொண்டால் ஒட்டு உடைவதில்லை. கீழுள்ள இயற்கை நகமே பெயர்கின்றது. அசிட்டோனுக்கும் எளிதில் இணங்காது. பொருத்தும்போது மூக்கைத் துளைக்கும் கடுநெடி வீசியதாகப் பெண் நினைவு கூர்ந்தாலும், அரம் எளிதில் பிடிக்காமல் வழுக்கினாலும், அரைமணி ஊறியும் இளகாதிருந்தாலும், இப்பொருளாயிருக்கலாம் என்று கழற்றுபவர் ஐயுறுதல் வேண்டும்.

ஆகவே, பிறர் வேலையைக் கழற்றுபவர் முதலில் செய்ய வேண்டியது கருவியை எடுப்பதன்று, கேள்வி கேட்பது. விளக்கின் கீழ் விரலை வைத்து இறுக்கினார்களா, காற்றிலேயே உலர்ந்ததா? பொடியும் திரவமும் கண்டீர்களா? நெடி இருந்ததா? எத்தனை நாள் ஆயிற்று? இடையில் வேறு யாரேனும் மேல்பூச்சு இட்டார்களா? இந்த ஐந்து கேள்விக்கும் விடை கிடைத்தால் பொருள் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தெரியாவிடின், ஒரே ஒரு விரலில், சுண்டு விரலாயின் நன்று, மேல்பூச்சை அரத்தால் நீக்கிவிட்டு அசிட்டோன் தோய்த்த பஞ்சை வைத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இளகினால் ஒரு வழி, இளகாவிடின் மறுவழி. பத்து விரலையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டுப் பின்னர் திகைப்பது முறையன்று. பிறிதொரு நிலையத்தின் வேலையைத் தூற்றிப் பேசுவதாலும் விரலுக்கு ஒரு பயனும் இல்லை.

கரையும் இனமாயின், கழற்றும் முறை இதுவே. நீண்டு நிற்கும் பகுதியை முதலில் வெட்டிக் குறைப்பர். அப்போது இயற்கை நகத்தின் எல்லை எதுவென்று பார்த்து, அதற்கு வெளியேதான் வெட்ட வேண்டும். பிறகு மேலேயுள்ள பளபளப்பான பூச்சை அரத்தால் மங்கலாக்குவர். இந்தப் பூச்சு இருக்கும்வரை அசிட்டோன் உள்ளே இறங்காது. வீட்டில் முயல்வோர் பலர் தோற்பது இவ்விடத்திலேதான். விரலின் தோலுக்கும் நகத்தைச் சுற்றியுள்ள மடிப்புக்கும் வாசலைனோ தேங்காயெண்ணெயோ தடவிக் காப்பளிக்க வேண்டும். அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின்மேல் மட்டும் படும்படி வைத்து, அலுமினியத் தாளால் விரல் முனையைச் சுற்றிவிட வேண்டும். ஜெல் பாலிஷுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமும், அக்ரிலிக்குக்கு இருபது முதல் முப்பது நிமிடமும் ஆகலாம். தாளை எடுத்துப் பார்த்தால் ஒட்டு, ஊறிய அப்பளம்போல் நெகிழ்ந்திருக்கும். மரக்குச்சியால் மெல்லத் தள்ள, தானே வழிந்து வரும். வராத இடத்தை விட்டுவிட்டு, புதுப் பஞ்சு வைத்து மீண்டும் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். தள்ளினால் வராததை நெம்பினால் வரும் என்று எண்ணுவதே தவறு. நெம்பினால் வரும், நகத்தோடு வரும்.

கடையில் நகப்பூச்சு நீக்கி என்று விற்கும் புட்டிகள் எல்லாம் இதற்கு உதவா. அவற்றுட் பல 'அசிட்டோன் இல்லாதது' என்று பெருமையாய் அச்சிட்டிருக்கும். சாதாரண நகப்பூச்சுக்கு அது போதும். அக்ரிலிக்கின்மேல் அது நீர் தெளித்ததற்கு ஒப்பு.

கரையாத இனமாயின், பொறுமை இன்னும் மிகுதியாய் வேண்டும். கை அரத்தாலோ, பழகிய கையாயின் மின் அரத்தாலோ, மேலிருந்து சிறிது சிறிதாய்த் தேய்த்து வருவர். இயற்கை நகம் தெரியும்வரை தேய்க்கலாகாது. தாளளவு கனம் மீதி வைத்து நிறுத்திவிட வேண்டும். அந்த மீதி, நகம் வளர வளர முன்னேறித் தானே வெட்டுப்படும். 'முழுவதும் எடுத்தால்தான் காசுக்குத் தகும்' என்று வாடிக்கையாளர் வற்புறுத்துவதால், மின் அரத்தை ஆழ ஓட்டி, நகத்தின் குறுக்கே சிவந்த வளையம்போல் பள்ளம் பறிக்கும் கைகளும் உண்டு. விரலில் சூடு தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். சூடு தெரிவது, அரம் போகக்கூடாத ஆழத்துக்குப் போகின்றது என்பதற்கு அடையாளம். தேய்க்கும் தூளைச் சுவாசியாதபடி இருவரும் முகமூடி அணிதல் நன்று.

வேலை செய்பவரிடம் தமிழ் செல்லாவிடின், கன்னடத்தில் இரண்டு சொற்றொடர் கற்று வைத்திருந்தால் போதும். "நிதானவாகி தெகெயிரி" என்றால் மெதுவாக எடுங்கள். "கீளபேடி" என்றால் பிடுங்காதீர்கள். நகத்துக்குக் கன்னடத்தில் 'உகுரு' என்று பெயர். நம் பழந்தமிழில் 'உகிர்' என்று வழங்கிய சொல்லே அது. நாம் வடசொல்லைக் கைக்கொண்டு பழைய சொல்லைப் புலவர்க்கு விட்டுவிட்டோம். மைசூரின் காய்கறிக்காரி அதனை நாள்தோறும் வழங்குகின்றாள்.

வீட்டில் தாமே கழற்ற எண்ணும் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. இது மற்றவற்றினும் முதன்மையானது. அசிட்டோன் பெட்ரோலைப்போல் எளிதில் தீப்பற்றும் திரவம். அறையின் சாதாரண வெப்பத்தில் மட்டுமன்று, நீர் உறையும் குளிரிலும் அதிலிருந்து எழும் ஆவி தீயைப் பற்றிக்கொள்ளும். அவ்வாவி காற்றினும் கனமானது. மேலே எழுந்து போய்விடாமல் தரையோடு படர்ந்து, அறையின் மறுகோடியிலுள்ள சுடரையும் எட்டும். நம் வீடுகளிலோ சுடருக்குக் குறைவில்லை. பூசை மாடத்தில் விளக்கு எரிகின்றது. சாம்பிராணி புகைகின்றது. ஊதுவத்திக்குப் பேர்போன ஊரில் வாழ்கின்றோமாதலின், மாலை வேளையில் வத்தி புகையாத வீடு அரிது. அடுப்படியோ இரண்டடி தொலைவில். ஆகவே, இவ்வேலையைப் பகலில், சன்னல்களைத் திறந்து வைத்து, விளக்கும் வத்தியும் அடுப்பும் அணைந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். அசிட்டோனைச் சூடாக்கினால் விரைவில் வேலை முடியும் என்பது உண்மையே. ஆனால் அது 56 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும் பொருள். அதனை அடுப்பிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ வைப்பது தீயை வலிந்து அழைப்பதாகும். அலுமினியத் தாள் சுற்றிய விரல்களின்மேல் வெதுவெதுப்பான ஈரமில்லாத துணியைப் போர்த்திக்கொண்டால் போதிய வெம்மை கிடைக்கும்.

நிறமற்ற அத்திரவத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ டம்ளரிலோ ஊற்றி வைத்தலும் கூடாது. தவழும் குழந்தையுள்ள வீட்டில் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. தெர்மகோல் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே கரைந்து ஒழுகும். மைசூர் ஈட்டி மரத்தில் இழைத்த அழகிய மேசை வீட்டில் இருந்தால், அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு போய்விடும்; கண்ணாடித் தட்டொன்றை அடியில் வைத்துக்கொள்க.

மற்றொன்று பசையைப் பற்றியது. ஒட்டு நகம் பாதி பெயர்ந்து ஆடும்போது, கடையில் விற்கும் உடனடிப் பசையின் ஒரு சொட்டை அடியில் விட்டு அழுத்திவிடும் வழக்கம் பரவியிருக்கின்றது. அப்பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சிந்தினால் கடுஞ்சூடு உண்டாகித் தோல் வெந்து போகலாம். அதனினும் தீங்கு, பெயர்ந்த இடுக்கில் ஏற்கெனவே நீர் புகுந்திருக்க, அதன்மேல் மூடி போடுவது. அந்த ஈர இடுக்கில் சூடோமோனாஸ் என்னும் கிருமி தங்கி வளரும். நகத்தில் பசுமை தட்டும். பசுமை கண்ட நகத்தின்மேல் வேறு நகம் பொருத்தி மறைப்பதைப்போன்ற பேதைமை வேறில்லை.

அக்கிருமியைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்து மருத்துவமனை ஒன்றில், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், 1997 முதல் 1998 வரையுள்ள பதினைந்து மாதங்களில் இக்கிருமி பற்றிய குழந்தைகளுள் 16 குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்தபோது, செவிலியர் இருவரோடு கிருமிக்குத் தொடர்பு காணப்பட்டது. ஒருவர் இயற்கையாகவே நீண்ட நகம் வளர்த்தவர். மற்றவர் ஒட்டு நகம் அணிந்தவர். நகமே காரணம் என்று ஆய்வாளர் முடிவு கட்டவில்லை. இருக்கக்கூடும் என்றே எழுதினர். ஆயினும், நோயாளரைத் தொட்டுப் பணி செய்வோர் ஒட்டு நகம் அணியலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டின் கைத்தூய்மை நெறிகளில் வகுத்திருக்கின்றது. கே.ஆர். மருத்துவமனை, செலுவாம்பா மருத்துவமனை போன்ற இடங்களிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் நம் பெண்மக்கள், உறவினர் திருமணத்துக்கு ஒட்டு நகம் அணிந்தார்களாயின், விடுப்பு முடிவதற்கு இரண்டு நாள் முன்பே கழற்றிக்கொள்ளும்படி திட்டமிடுதல் நலம். பணிக்குச் செல்லும் காலையில் பல்லால் கடித்துப் பிடுங்கி, உரிந்து எரியும் விரல்களைக் கிருமிநாசினியில் தோய்ப்பது இரட்டைத் துன்பம்.

பிள்ளைத்தாய்ச்சியரும் இவ்வாறே. வளைகாப்புக்குத் தாய்வீடு சென்று, வளையலுக்கு இணையாக நகமும் பொருத்திக்கொண்டு வருவோர் இப்போது பலர். மகப்பேறோ சொல்லிக்கொண்டு வருவதன்று. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி, நகத்தினூடே ஒளியைச் செலுத்தி இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு என்று கணக்கிடுகின்றது. தடித்த ஒட்டும் அடர்ந்த நிறமும் அக்கணக்கைக் குழப்பக்கூடும். அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் நகத்தின் நிறத்தையும் மருத்துவர் பார்க்க விரும்புவர். வலி கண்ட நேரத்தில் அழகு நிலையத்தைத் தேட முடியுமா? எட்டாம் மாதத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில், அவசரமின்றிக் கழற்றிவிட்டால் மாமியாருக்கும் கவலை இல்லை, மருமகளுக்கும் கவலை இல்லை.

சிலருக்குப் பொருளே ஒவ்வாது. நகத்தைச் சுற்றித் தினவு, சிறு கொப்புளம், விரல் நுனியில் வெடிப்பு ஆகியவை தோன்றும். விந்தை யாதெனில், விரலை விட்டுக் கண்ணிமையிலும் கழுத்திலும் தடிப்பு எழுவதுண்டு. கை தொட்ட இடத்தில் எல்லாம் அது தொடர்கின்றது. 2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்டோருள் 2.4 விழுக்காட்டினர்க்கு அக்ரிலேட்டு இனப் பொருள்களுள் ஒன்றேனும் ஒவ்வாமை தந்தது. இவ்வொவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் உடன் இருக்கும். பிற்காலத்தில் பல்லடைப்புக்கோ மூட்டுச் சிகிச்சைக்கோ இவ்வினப் பொருளைப் பயன்படுத்த நேரும்போது இடையூறாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா என்னும் அக்ரிலேட்டு சேர்ந்த நகப் பொருள்களைப் பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாள வேண்டும் என்று விதித்தது. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்னும் பொருளை 2025 செப்டம்பர் 1ஆம் நாள் முதல் முற்றிலும் தடை செய்தது. தினவு கண்டவர் ஒட்டை உடனே முறையாகக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீழ், துடிக்கும் வலி, பசுமை நிறம், நகம் படுகையை விட்டுப் பிரிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அழகு நிலையம் செல்லும் இடமன்று. மருத்துவரே செல்லும் இடம். நீரிழிவு உடையவர்க்கு ஒரு சிறு நகச்சுற்றும் பெருநோயாக முற்றக்கூடும். அவர்கள் ஒரு நாளும் தாமதியாதிருத்தல் வேண்டும்.

கழற்றிய பிறகு? கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நகத்திலும் மடிப்பிலும் தேய்த்துவிட வேண்டும். அசிட்டோன் தோலின் நெய்ப்பை வாங்கிவிடுகின்றது. அதைத் திருப்பிக் கொடுப்பதே இது. நகத்தை ஒட்ட வெட்டி, சில வாரங்களுக்குப் பாத்திரம் துலக்கும்போது கையுறை அணியலாம். 'நகம் சிறிது காலம் மூச்சு விடட்டும்' என்று அழகு நிலையத்தார் சொல்வதுண்டு. நகம் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஊட்டம் இரத்தத்திலிருந்து வருகின்றது. எனினும் சொல்லின் பயன் நல்லதே. மெலிந்த நகத்தின்மேல் அன்றைக்கே வேறொன்றைப் பொருத்தினால், அதைக் கழற்றும் நாளில் எஞ்சிய அடுக்கும் போய்விடும்.

கூலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொருத்துவதற்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போர், கழற்றுவதற்கு நூறு ரூபாய் கேட்டால் தயங்குகின்றனர். பிறர் இட்ட நகத்தைச் சேதமின்றி எடுக்க ஒரு மணிக்கும் மேலாகும். அந்த ஒரு மணிக்குரிய கூலியைக் கொடாவிடின், கழற்றுபவரின் கை தானாகவே நெம்பும் கருவியை நாடும். "ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரைவிட, "இன்று நேரமில்லை, நாளை வாருங்கள் அம்மா" என்று சொல்பவரையே நம்பலாம்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படும் தாய்மார்கள், பொருத்தும் நாளிலேயே ஒரு சிறு காரியம் செய்து வைக்கலாம். பயன்படுத்திய புட்டிகளின் மேலுள்ள சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்க. பொருள்களின் பட்டியல் அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இன்ன வகை, இன்ன நிறுவனத்தின் சரக்கு, இன்ன நாளில் இட்டது, நுனியில் பிளாஸ்டிக் முனை ஒட்டப்பட்டதா இல்லையா என்று பொருத்தியவரிடமே நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்க. எழுதித் தர மறுக்கும் நிலையமாயின், வேறு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து இங்குள்ளவரிடம் அந்தச் சீட்டைக் காட்டினால், எடுக்க வேண்டியது அரமா, அசிட்டோனா என்பதை அவர் பார்த்த மாத்திரத்திலேயே அறிந்துகொள்வார்.